ஆக்சிடென்ட் கேஸ் முடிவதற்கு முன்பே பணம் தருகிறோம் என்கிறார்கள், ஒஹாயோவில் கையெழுத்துப் போடலாமா?

தேன்மொழி_கொலம்பஸ்:

எல்லோருக்கும் வணக்கம். கொலம்பஸ் பக்கத்தில் டப்ளினில் இருக்கிறோம். போன அக்டோபரில் என் கணவர் வேலை முடிந்து வரும்போது 270 நெடுஞ்சாலையில் டிராஃபிக்கில் நின்றுகொண்டிருந்த எங்கள் காரைப் பின்னால் வந்த பிக்கப் டிரக் இடித்துவிட்டது. தப்பு முழுக்க அந்த டிரைவர் மேல்தான் என்று போலீஸ் ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது. இவருக்குக் கழுத்தில் டிஸ்க் நகர்ந்து ஜனவரியில் ஆபரேஷன் நடந்தது. இடது கையில் இன்னும் மரமரப்பு போகவில்லை, பத்து நிமிடம் கீபோர்டில் கை வைத்தால் விரல் மடங்கிக்கொள்கிறது.

ஆபீஸ் இன்சூரன்ஸில் 26 வாரம் சம்பளத்தில் 60 சதவீதம் வந்தது, அது ஏப்ரலோடு நின்றுவிட்டது. இப்போது சம்பளமில்லா விடுப்பில் வைத்திருக்கிறார்கள். நான் எச்-4, அதாவது கணவரின் வேலை விசாவைச் சார்ந்த விசா, வேலை செய்ய இன்னும் அனுமதி வரவில்லை. வாடகை 1,850 டாலர், நாலு வயதுப் பெண் குழந்தை. கையிருப்பு ஜூலை வரைக்கும் தாங்கும், அவ்வளவுதான்.

வக்கீல் மூன்றில் ஒரு பங்கு ஃபீஸுக்குக் கேஸ் எடுத்திருக்கிறார். எதிர்த்தரப்பு இன்சூரன்ஸ் முதலில் 22,000 டாலர் தருகிறோம் என்றது. வாங்காதீர்கள், சிகிச்சை முடிந்து எவ்வளவு தேறுகிறது என்று பார்த்த பிறகுதான் பேச வேண்டும், இன்னும் ஒன்றரை வருடம்கூட ஆகலாம் என்கிறார். அதுவரைக்கும் எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டபோது அவர் ஆபீஸில் இருந்த பெண் ஒரு கம்பெனியின் பெயரைச் சொன்னார். நான் போன் செய்த மறுநாளே 14 பக்க ஒப்பந்தம் ஈமெயிலில் வந்துவிட்டது. 8,000 டாலர் தருவார்கள், கட்டணம் 500, மாதம் 3.5 சதவீதம், மாதாமாதம் அசலோடு சேரும். கேஸ் தோற்றால் ஒரு பைசா திருப்பித் தர வேண்டாம். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும் என்று அந்த ஏஜென்ட் தினமும் மெசேஜ் அனுப்புகிறார்.

அப்பா கரூரில் ஒரு ஃபைனான்ஸில் இருபது வருடம் கணக்கு எழுதியவர். போனில் சொன்னதும் "மூன்றரை வட்டியா? அதுவும் வட்டிக்கு வட்டியா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. இது இங்கே சட்டப்படி சரியா, இவ்வளவுதான் வாங்கலாம் என்று உச்சவரம்பு எதுவும் உண்டா, விசாவுக்கு ஏதாவது பாதிப்பு வருமா? யாராவது வாங்கியிருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

ராமநாதன்_கிளீவ்லாந்து:

சகோதரி, முதலில் அந்த வெள்ளிக்கிழமையை மறந்துவிடுங்கள். அது ஏஜென்ட் வைத்த கெடு, சட்டத்தில் அப்படி எதுவும் கிடையாது. நான் இங்கே விபத்து கேஸ் மட்டும் பார்க்கும் ஒரு வக்கீல் ஆபீஸில் ஒன்பது வருடம் பாராலீகலாக, அதாவது வக்கீலுக்குச் சட்ட வேலையில் உதவுபவராக இருந்தேன், இந்த ஒப்பந்தங்கள் நூறாவது என் கை வழியாகப் போயிருக்கும். நான் வக்கீல் இல்லை, அதனால் கடைசி வார்த்தை உங்கள் வக்கீலுடையது. ஆனாலும் இந்த விஷயத்தைத் தெரியாமல் யாரும் கையெழுத்துப் போடக்கூடாது என்பதால் நீளமாகவே எழுதுகிறேன்.

சட்டப்படி சரியா என்றால், ஒஹாயோவில் இன்று சரிதான். ஆனால் 2003இல் இதே ஒஹாயோ உச்ச நீதிமன்றம் இந்த மாதிரி ஒப்பந்தமே செல்லாது என்று தீர்ப்பு சொன்னது. அந்தக் கேஸில் விபத்து வழக்கு நடத்திக்கொண்டிருந்த ஒரு பெண்மணிக்கு 6,000 டாலர் கொடுத்திருந்தார்கள். 12 மாதத்துக்குள் கேஸ் முடிந்தால் 16,800 திருப்பித் தர வேண்டும், 18 மாதம் ஆனால் 22,200, 24 மாதம் ஆனால் 27,600. நீதிமன்றம் இதை வட்டி அதிகம் என்ற கோணத்தில் அடிக்கவில்லை. அடுத்தவர் வழக்கில் பணம் போட்டு வருகிற லாபத்தில் பங்கு கேட்பது தப்பு என்று ஒரு பழைய ஆங்கிலேயச் சட்டக் கொள்கை உண்டு, சாம்பர்ட்டி என்பார்கள், அதை எடுத்து அடித்தது. அந்தத் தீர்ப்பில் ஒரு கணக்கு வரும். வக்கீல் ஃபீஸ் 40 சதவீதம் என்று வைத்தால், 28,000 டாலருக்கு செட்டில் செய்தாலும் அந்தப் பெண்மணி கைக்கு ஒன்றும் வராது, ஏனென்றால் மீதி 16,800 அப்படியே கம்பெனிக்குப் போய்விடும். அப்படியானால் 28,000க்குக் கீழே எந்த ஆஃபர் வந்தாலும் அவர் எதற்காக ஒத்துக்கொள்ள வேண்டும்? பணம் கொடுத்தவன் வழக்கின் போக்கையே மாற்றிவிடுகிறான் என்பதுதான் நீதிபதிகளின் கவலை. இந்தக் கணக்கை நீங்கள் உங்கள் கேஸுக்கும் போட்டுப் பாருங்கள், எந்தச் சட்டத்தையும்விட அது உதவும்.

அப்புறம் 2008இல் சட்டமன்றம் தனிச் சட்டம் போட்டு இந்தத் தொழிலை மறுபடி அனுமதித்தது. வட்டிக்கு உச்சவரம்பு வைக்கவில்லை, இதுதான் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில். ஆனால் எல்லாவற்றையும் வெளிப்படையாக எழுதிக் காட்ட வேண்டும் என்று கட்டாயம் செய்தது. உங்கள் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தை எடுங்கள். எவ்வளவு தருகிறார்கள், ஒரு தடவைக் கட்டணம் என்ன என்ன, ஆறு ஆறு மாதமாக 36 மாதம் வரைக்கும் எவ்வளவு திருப்பித் தர வேண்டியிருக்கும் என்ற டாலர் கணக்கு, வருட வீதம், எத்தனை நாளுக்கு ஒருமுறை வட்டி அசலோடு சேரும், இவ்வளவும் அந்த முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். உள்ளே எங்கோ பதினோராம் பக்கத்தில் இருந்தால் அந்தக் கம்பெனியை நம்பாதீர்கள். ஒவ்வொரு பக்கத்திலும் உங்கள் கணவர் சுருக்கொப்பம் போட வேண்டும். பணம் கைக்கு வந்த பிறகு ஐந்து வேலை நாளுக்குள் வேண்டாம் என்று முழுத் தொகையையும் திருப்பிக் கொடுத்தால் அபராதம் இல்லாமல் ரத்து செய்யலாம். செக் வந்து அதை மாற்றாமல் வைத்திருந்தால் அதையே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கலாம், தபாலில் அனுப்புவதானால் சர்டிஃபைட் மெயில் மாதிரி அத்தாட்சி உள்ள தபாலில் அனுப்புங்கள். கேஸை எப்போது, எவ்வளவுக்கு முடிப்பது என்பதில் கம்பெனிக்கு எந்த உரிமையும் இல்லை என்ற வரியும் இருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, உங்கள் வக்கீலும் அதைப் படித்துப் பார்த்து எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும். இதை நிறையப் பேர் சம்பிரதாயமாக நினைக்கிறார்கள். நீங்கள் அப்படி விடாதீர்கள். அவரை அரை மணி நேரம் உட்கார வைத்துக் கேளுங்கள், பெயர் சொன்ன அந்த உதவியாளரிடம் கேட்க வேண்டாம், வக்கீலிடமே கேளுங்கள். இந்தக் கம்பெனியோடு உங்களுக்கு ஏதாவது தொடர்பு உண்டா என்றும் கேட்டுவிடுங்கள், அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. வக்கீலே உங்களுக்குக் கைமாற்றாக வீட்டுச் செலவுக்குப் பணம் தரமுடியாது, தொழில் நடத்தை விதி அதைத் தடுக்கிறது, கோர்ட்டுச் செலவை மட்டும் அவர் முன்னால் போடலாம். அதனால்தான் இந்தத் தொழிலுக்கு இடம் இருக்கிறது.

விசா விஷயம்: இது இரண்டு தரப்புக்கு இடையிலான தனியார் ஒப்பந்தம், அரசாங்க உதவித்தொகை இல்லை. அந்தக் கவலை இதில் வேண்டாம். கவலைப்பட வேண்டியது வேலை போகாமல் இருப்பதைப் பற்றித்தான், வேலை போனால் எச்-1பி வேலை விசாவுக்கு 60 நாள்தான் அவகாசம்.

இன்னொரு கேள்வி. டிரக்காரர் இன்சூரன்ஸின் உச்சத்தொகை எவ்வளவு? ஒஹாயோவில் ஒரு ஆளுக்குக் குறைந்தபட்சம் 25,000 டாலர் வைத்திருந்தாலே சட்டப்படி போதும். அவர் பாலிசி அவ்வளவுதான் என்றால், இந்த அட்வான்ஸை வாங்கவே கூடாது.

சுபா_பென்டன்வில்:

தேன்மொழி, நாங்கள் ஆர்கன்சாவில் இருக்கிறோம். இங்கே கதையே வேறு. போன வருடம் என் அண்ணன் பார்க்கிங் லாட்டில் அடிபட்டு இடுப்பில் பிளேட் வைத்தார்கள். இதே மாதிரி கம்பெனிகள் மூன்றுக்குப் போன் செய்தேன், ஜிப் கோடு சொன்னதுமே உங்கள் மாநிலத்தில் நாங்கள் செய்வதில்லை என்று வைத்துவிட்டார்கள். ஏன் என்று அப்போது புரியவில்லை, அப்புறம்தான் தெரிந்தது, இங்கே 2015இல் சட்டம் போட்டு வருடத்துக்கு 17 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்று வைத்துவிட்டார்கள். அந்த விலைக்கு அவர்கள் வருவதில்லை.

அப்போது எனக்கு அந்தச் சட்டத்தின் மேலேயே கோபம் வந்தது, பசியில் இருப்பவனுக்கு இருந்த ஒரு கதவையும் அடைத்துவிட்டார்களே என்று. நாங்கள் கடைசியில் அண்ணனுடைய 401கே கணக்கில், அதாவது ஆபீஸ் வழியாகச் சேர்க்கும் ஓய்வுகாலச் சேமிப்பில், கடன் எடுத்தோம். அதில் சேர்ந்ததில் பாதி வரைக்கும், அதிகபட்சம் 50,000 வரைக்கும் எடுக்கலாம், கட்டுகிற வட்டியும் நம் கணக்குக்கே திரும்புகிறது. அவர் கேஸ் முடிந்து இப்போது அதை அடைத்துக்கொண்டிருக்கிறார். கதவு அடைந்திருந்ததால்தான் அந்த வழியைத் தேடினோம் என்று இன்று நினைக்கிறேன். உங்கள் கணவருக்கு 401கே இருக்கிறதா? ஒன்று மட்டும் ஜாக்கிரதை, வேலை போனால் அந்தக் கடன் பாக்கியைச் சீக்கிரம் கட்ட வேண்டி வரும், இல்லாவிட்டால் வருமானமாகக் கணக்குப் போட்டு வரி கேட்பார்கள்.

முருகேசன்_கணக்கு:

அப்பா சொன்னதைத்தான் நானும் சொல்வேன். ஊரில் நூற்றுக்கு மூன்று என்றாலே பல்லைக் கடித்துக்கொண்டுதான் வாங்குவோம், அதுவும் தனி வட்டி. நீங்கள் சொன்ன எண்களை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டேன். 500 கட்டணமும் அசலோடு சேரும் என்று எடுத்துக்கொள்கிறேன், அதாவது 8,500க்கு வட்டி ஓடுகிறது, உங்கள் கைக்கு வருவது 8,000.

ஆறு மாதத்தில் 10,449. ஒரு வருடத்தில் 12,844. ஒன்றரை வருடத்தில் 15,789. இரண்டு வருடத்தில் 19,408. இரண்டரையில் 23,858. மூன்று வருடம் இழுத்தால் 29,327. இதே 3.5 வட்டி தனி வட்டியாக இருந்தால் மூன்று வருடத்தில் 19,210தான். அதாவது மூன்றாவது வருடம் முடியும்போது வட்டிக்கு வட்டி மட்டுமே பத்தாயிரத்தைத் தின்றுவிடுகிறது. கம்பெனியிடம் பேசினால் முதலில் பேச வேண்டியது இந்த இடம்தான், வீதத்தை விட்டுவிட்டுத் தனி வட்டியாகக் கேளுங்கள்.

இனி செட்டில்மென்ட் பக்கம். உதாரணத்துக்கு இரண்டு வருடம் கழித்து 90,000க்கு முடிகிறது என்று வைப்போம். வக்கீலுக்கு 30,000. ரெக்கார்டு, டாக்டர் சாட்சியம், கோர்ட் என்று செலவு ஒரு 4,000. ஆபரேஷனுக்குப் பணம் கட்டிய ஹெல்த் இன்சூரன்ஸ் அதைத் திருப்பிக் கேட்கும், அது 18,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 38,000. அதில் இந்தக் கம்பெனி 19,408 எடுத்தால் உங்களுக்கு 18,592. கழுத்தில் ஆணி வைத்துக்கொண்டு, இரண்டு வருடம் வலியைத் தாங்கியவருக்குக் கிடைப்பதைவிட, 8,000 கொடுத்துவிட்டுக் காத்திருந்தவனுக்கு அதிகம். என்னால் இதைச் சும்மா பார்த்துவிட்டுப் போக முடியவில்லை, அதனால்தான் ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஊரில் லாக்கரில் நகை இருக்கிறதா? வங்கி நகைக்கடன் ஒரு வட்டிக்கும் குறைவாகவே கிடைக்கும், அதாவது வருடத்துக்குப் பத்து சதவீதத்தை ஒட்டி. அப்பா பெயரில் வைத்துப் பணத்தை அனுப்பச் சொல்வதானால் அனுப்புகிற வங்கியிலேயே முறையைக் கேட்டுக்கொள்ளுங்கள், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவம் கொடுக்க வேண்டியிருக்கும். நகையை வைக்க மனசு வராது, தெரியும். என் மனைவியும் அழுதாள். ஆனால் நகையை மீட்கலாம்.

ஜெயந்தி_இண்டியானா:

இங்கே எல்லோரும் வேண்டாம் என்றே சொல்வதால் நான் மறுபக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் வாங்கினோம், வாங்கியதற்கு நான் வருத்தப்படவில்லை.

என் தம்பி டிரக் ஓட்டுபவன், 2021இல் அடிபட்டான். நகையும் இல்லை, 401கேயும் இல்லை, கிரெடிட் கார்டு ஏற்கெனவே நிரம்பியிருந்தது. இன்சூரன்ஸ்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். மூன்றாவது மாதம் அவர்களுடைய ஆட்ஜஸ்டர், அதாவது நஷ்டஈட்டைப் பேசி முடிக்கும் ஆள், போன் செய்து, இப்போதே கையெழுத்துப் போட்டால் இந்த வாரமே 15,000 செக் என்றார். தம்பி பேனாவை எடுத்துவிட்டான். வீட்டுக்காரர் நோட்டீஸ் கதவில் ஒட்டியிருந்தது, அவனை நான் எப்படித் தப்பு சொல்வேன்? அப்போதுதான் 3,000 டாலர் இந்த மாதிரி வாங்கினோம், அதுவும் இரண்டு மாத வாடகைக்கும் மருந்துக்கும் மட்டும். 14 மாதம் கழித்து அந்தக் கேஸ் முதலில் சொன்னதைப்போல நாலு மடங்குக்கு மேல் முடிந்தது. கம்பெனிக்கு நாலாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் போனது. அந்த 3,000 இல்லாவிட்டால் 15,000த்தோடு போயிருக்கும்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு, இண்டியானாவில் 2016இலிருந்தே உச்சவரம்பு இருக்கிறது. வருடத்துக்கு 36 சதவீதம், அதோடு சர்வீஸ் கட்டணம் என்று வருடத்துக்கு 7 சதவீதம் வரைக்கும், பேப்பர் சார்ஜ் தனி. அதுவே அதிகம்தான், ஆனாலும் ஒரு எல்லை தெரிந்தது. உங்களுக்கு ஒஹாயோவில் அது இல்லை. அதனால் வாங்குவதாக இருந்தால் குறைவாக வாங்குங்கள். கம்பெனி 8,000 தருகிறது என்பதற்காக 8,000 வாங்க வேண்டியதில்லை. ஒரு மாதத்துக்கு எவ்வளவு பற்றாக்குறையோ அதை மட்டும், தேவைப்படும் மாதத்தில் மட்டும். இன்று வாங்காத பணத்துக்கு இன்று வட்டி ஓடாது.

ராமநாதன்_கிளீவ்லாந்து:

ஜெயந்தி சொல்வது நியாயம். குறைந்த ஆஃபருக்குத் தலையாட்ட வேண்டிய நிலைமையைத் தள்ளிப்போட இது உதவும், அதை நானே பார்த்திருக்கிறேன். நான் பார்த்த மோசமான கேஸ்கள் எல்லாம் பெரிய தொகை வாங்கியவையோ, இரண்டாவது மூன்றாவது தடவை வாங்கியவையோதான். ஒரு அம்மாவுக்கு முதல் கம்பெனியின் பாக்கியை இரண்டாவது கம்பெனி கட்டி, அந்த மொத்தத்தையும் புது அசலாக்கி மறுபடி வட்டி ஓட்டினார்கள். கடைசியில் அவர் செட்டில்மென்ட் தாளில் தன் பெயருக்கு நேரே இருந்த எண்ணைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். 611 டாலர். அன்றைக்கு அந்தத் தாளை அவர் பக்கம் நகர்த்திக் கொடுத்தவன் நான், இன்னும் மறக்கவில்லை.

மாநிலத்துக்கு மாநிலம் ஏன் இவ்வளவு மாறுகிறது என்றால், இது கடனா இல்லையா என்பதிலேயே நீதிமன்றங்கள் ஒத்துப்போகவில்லை. தோற்றால் திருப்பித் தர வேண்டாம் என்பதால் இது கடனே இல்லை, ஆகவே வட்டிச் சட்டம் பொருந்தாது என்பது கம்பெனிகளின் வாதம். ஜார்ஜியா உச்ச நீதிமன்றம் 2018இல் அந்த மாநிலத்தின் சிறுகடன் சட்டங்களைப் பொறுத்தவரை அதை ஏற்றது. கொலராடோ உச்ச நீதிமன்றம் 2015இல் இது கடன்தான், நுகர்வோர் கடன் சட்டம் பொருந்தும் என்றது. மிச்சிகனில் 2004இல் ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பு, எதிர்த்தரப்பு தப்பை ஏற்கெனவே ஒத்துக்கொண்டுவிட்ட கேஸில் தோற்கும் அபாயமே இல்லையே, அப்படியானால் இது கடுவட்டிக் கடன் என்றது. அந்தத் தீர்ப்பு ஒஹாயோவில் செல்லாது, ஆனாலும் அதில் உள்ள நியாயத்தைப் பாருங்கள். உங்கள் கணவர் நின்றுகொண்டிருந்த காரில் இருந்தவர், தப்பு யாருடையது என்பதில் சண்டையே இல்லை. கம்பெனி எடுக்கும் ஆபத்து மிகக் குறைவு. பேரம் பேசும்போது இதைச் சொல்லுங்கள்.

சின்சினாட்டியில் இருந்து ஆற்றைத் தாண்டினால் கென்டக்கி, அங்கே இந்த ஒப்பந்தங்கள் அந்த மாநிலச் சட்டப்படி செல்லாது என்று 2019இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. மேற்கு வர்ஜீனியாவில் 2019 சட்டப்படி வருடத்துக்கு 18 சதவீதம்தான். ஒரே ஆற்றங்கரையில் மூன்று மாநிலம், மூன்று விதி. அதனால் உங்கள் ஒப்பந்தத்தில் எந்த மாநிலச் சட்டம் பொருந்தும், தகராறு வந்தால் எங்கே விசாரணை என்று எழுதியிருக்கிறார்கள் என்பதைத் தேடிப் படியுங்கள். ஒஹாயோ என்று இல்லாமல் வேறு மாநிலப் பெயர் இருந்தால் வக்கீலிடம் காட்டாமல் ஒரு எழுத்தும் போடாதீர்கள்.

கேஸ் முடிந்த பிறகும் ஒரு வழி இருக்கிறது. செட்டில்மென்ட் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தால், வக்கீல் கம்பெனியைக் கூப்பிட்டுக் குறைக்கச் சொல்லிக் கேட்பது வழக்கம், பல தடவை குறைப்பார்கள். ஹெல்த் இன்சூரன்ஸ் பாக்கியும் அப்படித்தான், ஆனால் பெரிய கம்பெனிகள் தாங்களே பணம் போட்டு நடத்தும் பிளான் என்றால் கூட்டாட்சிச் சட்டம் அவர்களுக்குச் சாதகமாக இருக்கும், குறைப்பது கஷ்டம். உங்கள் கணவரின் பிளான் எந்த வகை என்று எச்ஆரிடம் கேளுங்கள்.

அப்படியே எச்ஆரிடம் இன்னொன்றும் கேளுங்கள். 26 வாரம் பணம் வந்ததே, அது குறுகிய கால இன்சூரன்ஸ். நீண்ட கால இன்சூரன்ஸ் என்று இன்னொன்றை நிறைய ஆபீஸ்களில் நாம் கேட்காமலே சேர்த்து வைத்திருப்பார்கள். அது தானாகத் தொடங்காது, தனியாக விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் சொந்தக் கார் பாலிசியில் மெட்பே என்று ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். தப்பு யாருடையதாக இருந்தாலும் அது மருத்துவச் செலவுக்குப் பணம் தரும். நம் ஆட்கள் பிரீமியம் மட்டும் கட்டிக்கொண்டே இருப்பார்கள், அந்த வரியைப் படிக்கவே மாட்டார்கள்.

தேன்மொழி_கொலம்பஸ்:

நான்கு நாளாகப் பதில் எழுத முடியவில்லை, மன்னிக்கவும். எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

முதல் பக்கத்தைப் பார்த்தேன். ஆறு மாதக் கட்டம் இருக்கிறது, முருகேசன் அண்ணா போட்ட எண்கள் டாலர் மாறாமல் அப்படியே இருக்கின்றன. மூன்று தடவை அந்தப் பக்கத்தைப் புரட்டியிருக்கிறேன், அந்தக் கட்டம் என் கண்ணில் படவே இல்லை. 8,000 என்ற எண்ணை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். இவரிடம் காட்டினேன், கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டு 29,327 என்று இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார்.

வக்கீலை நேரில் பார்த்தோம். டிரக் ஒரு காண்டிராக்டருடையது, பாலிசி 100,000 வரைக்கும் இருக்கிறதாம். கம்பெனியோடு தனக்கு எந்தத் தொடர்பும் இல்லை, பழைய கட்சிக்காரர் ஒருவர் வாங்கியதால் ஆபீஸில் பெயர் தெரியும், அவ்வளவுதான் என்றார். நீங்கள் முதலிலேயே என்னிடம் கேட்டிருந்தால் வேறு வழி பார்க்கச் சொல்லியிருப்பேன் என்றும் சொன்னார். அவர் மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், நாங்கள் கேட்காவிட்டாலும் சொல்லியிருக்கலாம்.

எச்ஆரிடம் கேட்டதில் நீண்ட கால இன்சூரன்ஸ் இருக்கிறது! வேலையில் சேர்ந்த அன்றே சேர்த்திருக்கிறார்கள். விண்ணப்பம் கொடுத்தாகிவிட்டது, டாக்டர் நிரப்ப வேண்டிய படிவம் மட்டும் பாக்கி. முடிவு வர இரண்டு மாதம் ஆகலாம், பின்னால் செட்டில்மென்ட் வந்தால் அதில் கொஞ்சம் கழிப்பார்கள் என்றும் சொன்னார்கள், பரவாயில்லை. மெட்பே 5,000 எங்கள் பாலிசியில் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு மாதம் 300 கட்டிக்கொண்டிருந்தோம், அதை அதிலிருந்து எடுக்கலாமாம்.

இந்த இரண்டு மாதத்தைத் தாண்டுவதுதான் இப்போதைய பாடு. அம்மாவின் வளையல் நாலும் என்னுடைய ஆரமும் லாக்கரில் இருக்கின்றன. அப்பா நாளைக்கு வங்கிக்குப் போகிறார். வைக்கிறேன் என்று நான் சொல்வதற்கு முன்பே அவர் கேட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை முடிந்துவிட்டது, ஏஜென்ட் இன்று காலை மெசேஜ் அனுப்பினார், வீதத்தை மூன்றாகக் குறைக்கிறோம், அடுத்த வாரம் வரைக்கும் யோசியுங்கள் என்று.

ஜெயந்தி_இண்டியானா:

ஆரத்தை மீட்டதும் இங்கே வந்து ஒரு வரி எழுதுங்கள் தேன்மொழி. நீண்ட கால இன்சூரன்ஸ் நிராகரித்து லெட்டர் வந்தால் பயந்துவிடாதீர்கள், முதல் தடவை மறுப்பது நடக்கிறதுதான், அப்பீல் செய்ய 180 நாள் இருக்கும். அந்த லெட்டரின் கவரைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள், தேதி அதில்தான் இருக்கும்.

ராமநாதன்_கிளீவ்லாந்து:

கேட்டது நிம்மதியாக இருக்கிறது. ஒருவேளை ஆகஸ்டில் நிலைமை இறுகி, வாங்கித்தான் ஆக வேண்டும் என்று வந்தால் 2,000க்கு மேல் போகாதீர்கள், தனி வட்டியாகக் கேளுங்கள், 500 கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லுங்கள். மூன்று சதவீதம் என்று அவர்களாகவே இறங்கியிருக்கிறார்கள் என்றால் இன்னும் இறங்க இடம் இருக்கிறது. கேஸ் ஃபைல் செய்ய ஒஹாயோவில் விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருடம். உங்களுக்கு அது அடுத்த வருடம் அக்டோபர், வக்கீலிடம் அந்தத் தேதியை எழுத்தில் கேட்டு வாங்கி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டி வையுங்கள்.